ஒளியும் துகளும் சேரும் இடம்

திருமலைக்குச் சென்று வந்தவர்களுக்கு முடியிறக்கிய தலை ஒரு புதிய காட்சி அன்று. கல்யாண கட்டாவில் ஆண், பெண், குழந்தை என்ற வேறுபாடின்றி நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் தலைமுடியைக் காணிக்கையாகச் செலுத்துகிறார்கள். அழகுக்குக் காரணமாக எண்ணப்படும் ஒன்றை மகிழ்ச்சியுடன் விட்டுக்கொடுப்பதே அந்தக் காணிக்கையின் பொருள். அதனால் மலையடிவாரத்தில் உள்ள திருப்பதி நகரின் தெருக்களில் மொட்டைத் தலையுடன் நடந்து செல்லும் ஒரு பெண்ணை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆனால் அத்தலைகளுள் சில காணிக்கைக்காக மழிக்கப்பட்டவை அல்ல. அதே நகரில் 1993-ஆம் ஆண்டு முதல் செயல்பட்டுவரும் ஸ்ரீ வேங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனத்திலும் (ஸ்விம்ஸ்), டாடா அறக்கட்டளையின் முயற்சியால் 2022-ஆம் ஆண்டு மே மாதம் திறக்கப்பட்ட புற்றுநோய் மருத்துவமனையிலும் சிகிச்சை பெறுவோரின் தலைகளும் அவற்றுள் உண்டு. சித்தூர், பலமனேர், புங்கனூர், ஸ்ரீகாளஹஸ்தி எனச் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து வருபவர்கள் அவர்கள். பார்வைக்கு எல்லாத் தலைகளும் ஒன்றே. ஆயினும் ஒன்று மனமுவந்து கொடுத்தது. மற்றொன்று கேளாமலே பறிபோனது.

பறிபோவதற்குக் காரணம் எளியது. 'கீமோதெரபி' எனப்படும் மருந்துகள் வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குகின்றன. புற்றுநோய்ச் செல்கள் வேகமாகப் பெருகுகின்றன. மயிர்க்கால்களும், குடலின் உட்சுவரும், எலும்பு மஜ்ஜையும் அவ்வாறே பெருகுகின்றன. மருந்துக்கு இவற்றைப் பிரித்தறியத் தெரியாது. நோயைத் தாக்கும்போதே நோயாளியையும் தாக்குகிறது. இம்மருந்துகளால் உயிர் பிழைத்தோர் எண்ணற்றவர் என்பது உண்மை. அந்த உயிருக்கு அவர்கள் கொடுத்த விலையும் உண்மை.

தாக்க வேண்டிய இடத்தில் மட்டும் தாக்கி, மற்ற இடங்களில் அமைதியாக இருக்கும் மருந்து ஒன்று உண்டா? இன்றைய விஞ்ஞானம் ஒளியையும் நுண்துகளையும் கொண்டு இக்கேள்விக்கு விடைதேடி வருகிறது. அந்தத் தேடலினுள்ளேயே ஓர் அறக்கேள்வியும் அடங்கியிருக்கிறது. இத்தகைய ஆற்றல் மனிதன் கைக்கு வரும்போது, அதன் நன்மைக்கு உண்மையில் பொறுப்பாவது எது? பொருளா, ஒளியா, அல்லது அவற்றைச் சேர்க்கும் மனிதனா?

தனித்தனியே செயலற்ற இரண்டு

ஒளியைக் கொண்டு நோய் தீர்க்கும் எண்ணம் நம் நாட்டுக்குப் புதிதன்று. தோலில் வெண்புள்ளிகள் தோன்றும் நோய்க்குக் கார்போகரிசியைக் கொடுத்து, பிறகு அவ்விடத்தில் வெயில் படச் செய்வது பழைய வைத்திய முறை. அரிசி மட்டும் போதாது. வெயில் மட்டும் போதாது. இரண்டும் தோலில் சந்திக்கும்போதே மாற்றம் நிகழ்கிறது. அந்த விதையில் உள்ள 'சோராலென்' என்ற பொருள் ஒளி பட்டதும் செயல்படத் தொடங்குகிறது என்று பிற்கால ஆராய்ச்சி கண்டறிந்தது.

ஐரோப்பாவில் இதே உண்மை மற்றொரு வழியில் வெளிப்பட்டது. ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஆஸ்கர் ராப் என்ற மாணவர், ஒரு சாயப்பொருள் ஒருசெல் உயிரிகளை எவ்வளவு நேரத்தில் கொல்கிறது என்று சோதித்துக்கொண்டிருந்தார். ஒரே அளவு சாயம் ஒருநாள் விரைவாகக் கொன்றது. மற்றொரு நாள் மிகத் தாமதமாகக் கொன்றது. வேறுபாட்டுக்குக் காரணம் சாயத்தில் இல்லை, அறைக்குள் வந்த வெளிச்சத்தில் இருந்தது என்பதை அவர் உணர்ந்தார். இருட்டில் வைத்தபோது அவ்வுயிரிகள் நெடுநேரம் வாழ்ந்தன. 1900-இல் இது வெளியிடப்பட்டது. அவருடைய ஆசிரியர் டாப்பைனர் இந்நிகழ்ச்சிக்கு ஆக்ஸிஜனும் தேவை என்பதைக் காட்டினார். 1903-லேயே தோல் கட்டிகளுக்குச் சாயமும் ஒளியும் கொண்டு சிகிச்சை செய்து பார்த்தார்.

இந்த விதை மரமாக நெடுங்காலம் ஆயிற்று. அமெரிக்காவில் தாமஸ் டௌஹர்ட்டி என்பவர் 1970-களில் செய்த ஆராய்ச்சிகளின் பயனாக, 'ஃபோட்டோஃப்ரின்' என்ற ஒளிமருந்து 1993-இல் கனடாவில் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்காக முதன்முதலில் அனுமதி பெற்றது. 2020-இல் ஜப்பான், தலை மற்றும் கழுத்துப் பகுதிப் புற்றுநோய்க்கு, செல்லைத் தேடிச் சென்று ஒட்டிக்கொள்ளும் புரதத்துடன் சாயத்தை இணைத்து, அதன்மீது ஒளி பாய்ச்சும் முறையை அனுமதித்தது.

இதே பாதையில் அடுத்த படியாக வந்தவையே நானோ துகள்கள். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. தலைமுடி ஒன்றின் குறுக்களவு ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். சிகிச்சைக்கெனச் செய்யப்படும் துகள் ஒன்றின் அளவு ஏறத்தாழ 100 நானோமீட்டர். அதாவது ஒரு முடியின் குறுக்கே எண்ணூறு துகள்களை வரிசையாக நிறுத்தலாம். புற்றுநோய்க் கட்டிக்குள் அவசரமாக முளைக்கும் இரத்தக் குழாய்களின் சுவர்களில் இடைவெளிகள் மிகுதி. இரத்தத்தில் செலுத்தப்பட்ட துகள்களில் ஒரு பகுதி அந்த இடைவெளிகள் வழியே கசிந்து கட்டிக்குள் தங்குகிறது. அதன்பின் வெளியிலிருந்து, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி அந்த இடத்தின்மீது செலுத்தப்படுகிறது. 700 முதல் 900 நானோமீட்டர் அலைநீளமுள்ள இவ்வொளியை இரத்தமும் தசையும் மிகக் குறைவாகவே தடுக்கின்றன. தங்கம் பூசிய துகள் அவ்வொளியை உறிஞ்சிச் சூடாகிறது. அச்சூட்டில் அருகிலுள்ள செல் அழிகிறது. வேறு சில துகள்கள் சூடாவதற்குப் பதிலாக, அருகிலுள்ள ஆக்ஸிஜனைத் தீவிரமாகச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றி, அதன்மூலம் செல்லை அழிக்கின்றன.

2003-இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் தங்கம் பூசிய நுண்துகள்களால் இதைச் செய்து காட்டினார்கள். 2015-இல் மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மையத்தின் ஆராய்ச்சிப் பிரிவும் இணைந்து, கொழுப்பினால் ஆன நுண்குமிழிகளின்மேல் தங்கம் பூசி எலிகளில் சோதித்தன. அதன் சிறப்பு ஒன்று சிந்திக்கத்தக்கது. வேலை முடிந்தபின் அத்துகள் சிதைந்து, மிகச் சிறிய தங்கத் துணுக்குகளாகி, உடலை விட்டு வெளியேறும்படி அமைக்கப்பட்டிருந்தது. தன் கடமையைச் செய்தபின் விலகிச் செல்லவும் தெரிந்த கருவி அது.

மூன்றாவது காரணம்

குடம் ஒன்று உருவாவதற்கு மூன்று காரணங்கள் வேண்டும் என்று நம் தத்துவ நூல்கள் கூறுகின்றன. மண் முதற்காரணம், தண்டமும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். மண் எவ்வளவு நல்லதாயினும், சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும், குயவன் இல்லையேல் குடம் இல்லை. குடம் கோணலானால் மண்ணையோ சக்கரத்தையோ எவரும் குறை சொல்வதில்லை.

ஒளிச் சிகிச்சையையும் இவ்வாறே பகுத்துப் பார்க்கலாம். துகள் இருளில் கிடக்கும்வரை அது வெறும் தூசி. ஒளி, துகள் இல்லாத இடத்தில் ஊடுருவிச் செல்கிறதேயன்றி வேறொன்றும் செய்வதில்லை. இரண்டும் ஓரிடத்தில் சேரும்போது மட்டுமே சூடும் அழிவும் நிகழ்கின்றன. எங்கே, எப்போது, எந்த அளவில் அவை சேர வேண்டும் என்று தீர்மானிப்பவர் மூன்றாமவர். அவரே நிமித்த காரணம்.

இதில் ஒரு தத்துவத் தெளிவு கிடைக்கிறது. 'விஞ்ஞானம் நல்லதா, கெட்டதா?' என்பது பலரும் எழுப்பும் கேள்வி. கருவியிடம் கேட்கப்படும் அக்கேள்விக்கு விடை கிடைப்பதில்லை; கருவிக்கு அறம் தெரியாது. பொருளையும் ஆற்றலையும் ஒன்றுசேர்ப்பவனிடமே அக்கேள்வியைக் கேட்க வேண்டும். சேர்ப்பவன் எல்லையை அறிந்தவனா? சேர்ப்பவன் உண்மை பேசுகிறானா? சேர்க்க வேண்டிய இடம் எங்கெங்கு உள்ளது என்று தேடிச் செல்கிறானா? இம்மூன்றும் அவனுடைய கடமைகள்.

எல்லை அறிந்த வலிமை

1912-இல் ஃபிரெட்ரிக் மேயர்-பெட்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் ஒரு துணிவான காரியம் செய்தார். இரத்தத்திலிருந்து எடுக்கப்படும் ஒளிமருந்து ஒன்று மனித உடலில் என்ன செய்யும் என்று அறிய, வேறு எவரையும் தேடாமல், 200 மில்லிகிராம் அளவைத் தம் இரத்தக் குழாயிலேயே செலுத்திக்கொண்டார். பிறகு வெயிலில் சென்றபோது வெயில் பட்ட இடமெல்லாம் கடுமையாக வீங்கியது. இரண்டு மாதங்களுக்கு மேலாக அவருக்குச் சூரிய ஒளி பகையாயிற்று.

அவருடைய துன்பம் ஒரு பாடம் கற்பித்தது. பொருள் உடல் முழுவதும் பரவியிருக்க, ஒளியும் கட்டுப்பாடின்றி எங்கும் படுமானால், மருந்தே நோயாகிவிடுகிறது. இன்றும் ஃபோட்டோஃப்ரின் பெற்ற நோயாளி குறைந்தது ஒரு மாத காலம் நேரடி வெயிலைத் தவிர்க்க வேண்டியிருக்கிறது. ஆகவே இச்சிகிச்சையின் உயர்வு ஒளியின் வலிமையில் இல்லை. ஒளி எங்கே படக்கூடாது என்ற தெளிவில் இருக்கிறது. செய்ய வல்லவன் செய்யாமலிருக்கும் இடத்தை அறிந்திருப்பதே அடக்கம். வலிமையற்றவனின் செயலின்மையை எவரும் அடக்கம் என்பதில்லை.

இது மருத்துவமனைக்கு மட்டும் உரியதன்று. குழந்தையின் ஒரு பிழையைத் திருத்த முற்படும் தந்தை, அக்குழந்தையின் தன்மதிப்பையே சுட்டுவிடுவது உண்டு. ஒருவர் செய்த தவற்றுக்காக அலுவலகத்தில் அனைவரையும் கடிந்துகொள்ளும் தலைவர் உண்டு. குற்றம் அழிந்ததோ இல்லையோ, குற்றமற்ற பகுதிகள் பல வாடிவிடுகின்றன. தவறு இருக்கும் இடத்தை நன்கு அறிந்து, அதை மட்டும் தொடும் சொல்லுக்குத் தவறு செய்தவரே நன்றி சொல்வார்.

நம்பிக்கையும் உண்மையும்

இனி இரண்டாவது கடமை. சித்தூருக்கு அருகே மாந்தோப்பு வைத்திருக்கும் முதியவர் ஒருவருக்கு ஈரலில் புற்றுநோய் பரவியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'தங்கத் துகளும் ஒளியும் புற்றுநோயை அழித்தன' என்ற செய்தியைப் பத்திரிகையில் படித்த மகன், அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் வருகிறான். "ஐயா, எவ்வளவு செலவானாலும் தோப்பை விற்றுவிடுகிறோம். அப்பாவுக்கு இதைச் செய்துவிடுங்கள்" என்று கைகூப்புகிறான். மருத்துவர் என்ன சொல்வது?

உண்மை நிலையை முதலில் பார்க்க வேண்டும். அகச்சிவப்பு ஒளி தசைக்குள் சில மில்லிமீட்டர் முதல் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வரையே பயனுள்ள வகையில் செல்கிறது. அதற்கு அப்பால் உள்ள கட்டிக்கு ஊசி அல்லது குழாய் வழியே ஒளியிழையைக் கொண்டுசெல்ல வேண்டும். உடலெங்கும் பரவிய நோயை ஓரிடத்தில் படும் ஒளி எட்டுவதில்லை. டொரண்டோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் முந்தைய பத்தாண்டுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியிட்ட கணக்கின்படி, விலங்குகளின் உடலில் செலுத்தப்பட்ட நானோ துகள்களில் கட்டியைச் சென்றடைவது நடுத்தரமாக 0.7 சதவீதமே. ஆயிரம் துகள்கள் புறப்பட்டால் ஏழு போய்ச் சேர்கின்றன. எஞ்சியவற்றில் பெரும்பகுதியை ஈரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. தங்கம் பூசிய துகள்களைக் கொண்டு மனிதர்களிடம் நடந்த ஒரு முக்கியமான ஆய்வு 2019-இல் வெளிவந்தது. அதில் பங்கேற்றவர்கள் புரோஸ்டேட் சுரப்பியில் மட்டும் நோய் இருந்த 16 பேர். அவர்களுள் 15 பேருக்குச் சிகிச்சையை வெற்றிகரமாகச் செய்ய முடிந்தது. இது மகிழ்ச்சிக்குரிய தொடக்கம். ஆனால் பதினாறு பேரின் அனுபவம் அந்த மாந்தோப்புக்காரரின் ஈரலுக்கு விடையாகாது.

இந்நிலையில் மருத்துவரும் உறவினரும் இரண்டு வகையில் தவறக்கூடும். 'எல்லாம் சரியாகிவிடும்' என்று இல்லாத சிகிச்சையின் பெயரால் நம்பிக்கை ஊட்டுவது ஒரு தவறு. அதனால் தோப்பு போகும், எஞ்சிய நாட்கள் அலைச்சலில் போகும், கடைசியில் அக்குடும்பத்துக்கு மருத்துவத்தின் மீதே நம்பிக்கை போகும். 'இனி ஒன்றும் இல்லை, அழைத்துப் போங்கள்' என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடுவது மற்றொரு தவறு.

பழைய வைத்திய நூல்கள் இங்கே வழிகாட்டுகின்றன. மருத்துவத்துக்கு நான்கு பாதங்கள் என்கிறார் சரகர்: வைத்தியர், மருந்து, பணிவிடை செய்பவர், நோயாளி. திருவள்ளுவரும் 'மருந்து' அதிகாரத்தில் இதே நான்கையும் கூறுகிறார். நோயாளி இங்கே வெறுமனே சிகிச்சையைப் பெற்றுக்கொள்பவர் அல்லர். மருத்துவத்தின் நான்கில் ஒரு பங்கு. அஞ்சாமையும், தன் உடல்நிலையை மறைக்காமல் எடுத்துரைப்பதும் நோயாளிக்கு வேண்டிய குணங்கள் என்கிறார் சரகர். தன் நோய் என்னவென்றே அறியாதவர் எதைக் கண்டு அஞ்சாமலிருப்பது? எதை எடுத்துரைப்பது? 'அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்' என்று பிள்ளைகள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது அன்பினால்தான். ஆயினும் அந்த அன்பு, நான்கு பாதங்களுள் ஒன்றை ஒடித்துவிடுகிறது.

அதே சரகர் மற்றோரிடத்தில், நோயாளியின் ஆயுள் முடியப்போவதை அறிந்தாலும், அதைச் சொல்வது நோயாளிக்கோ பிறருக்கோ அதிர்ச்சி தருமாயின் அவ்விடத்தில் சொல்லக்கூடாது என்று மாணவருக்கு விதிக்கிறார். இவ்விரண்டும் முரண்பட்டவை போலத் தோன்றும். உண்மையில் முரண்பாடு இல்லை. உண்மையை மறைக்கச் சொல்லவில்லை அவர். உண்மையால் அடிக்கக் கூடாது என்கிறார். உண்மையும் ஒளியைப் போன்றதே. எவ்வளவு, எங்கே, எப்போது என்பதை அறிந்து செலுத்த வேண்டும். நோயாளி எதை அறிய விரும்புகிறார் என்று முதலில் கேட்டறிந்து, அவர் தாங்கும் அளவில், பொய்யின் கலப்பு சிறிதும் இல்லாமல் சொல்வதே அந்த முறை.

ஆகவே மருத்துவர் அந்த மகனிடம் இவ்வாறு சொல்லக்கூடும்: "தம்பி, நீங்கள் படித்தது பொய்யில்லை. ஆனால் அது உங்கள் அப்பாவின் நோய்க்கு இன்னும் வந்து சேரவில்லை. தோப்பை விற்காதீர்கள். அவருக்கு வலியில்லாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அவர் அருகில் இருப்பது உங்கள் பொறுப்பு. அவருக்கு என்ன வேண்டும் என்று நாளை நாம் மூவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசுவோம்." இதில் நோய் நீங்கும் என்ற வாக்குறுதி இல்லை. ஆனால் கைவிட மாட்டோம் என்ற உறுதி இருக்கிறது. மனிதன் மனிதனுக்குப் பொய்யின்றித் தரக்கூடிய நம்பிக்கை அதுவே.

பொன்துகளும் கைவிளக்கும்

மூன்றாவது கடமை, கொண்டு சேர்த்தல். பொன்துகளும் லேசரும் இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களில் இருக்கின்றன. ஆனால் பொருளும் ஒளியும் சேர்ந்து நன்மை செய்யும் வேறோர் எளிய முறை பல ஆண்டுகளாகவே கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

கருப்பைவாய்ப் புற்றுநோயை அறிய, நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது சமையலறையில் உள்ள வினிகரைப் போன்ற ஒன்றை, அவ்விடத்தில் தடவி, விளக்கொளியில் பார்க்கும் முறை உண்டு. மாறுபாடு அடைந்த இடம் சிறிது நேரத்தில் வெண்மையாகத் தெரியும். இங்கும் அதே மூன்று காரணங்கள்: ஒரு பொருள், ஓர் ஒளி, இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பயிற்சி பெற்ற ஒரு மனிதர். தமிழ்நாட்டில் திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களிடம், பயிற்சி பெற்ற செவிலியர்களைக் கொண்டு இம்முறை 2000-ஆம் ஆண்டு முதல் சோதிக்கப்பட்டது. 2007-இல் வெளியான முடிவின்படி, ஒரே ஒருமுறை செய்த இப்பரிசோதனையால் அந்நோய் தோன்றுவது 25 சதவீதமும், அதனால் நேரும் மரணம் 35 சதவீதமும் குறைந்தன. கேரளத்தில் திருவனந்தபுரம் பகுதியில் நடந்த மற்றோர் ஆய்வு 2005-இல் வெளிவந்தது. பயிற்சி பெற்ற ஊழியர்கள் வாயைத் திறக்கச் சொல்லி, வெளிச்சத்தில் கூர்ந்து பார்த்ததனாலேயே, புகையிலையும் மதுவும் பழகியவர்களிடையே வாய்ப்புற்று மரணங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன.

திருப்பதியில் ஸ்விம்ஸ் நிறுவனம் அனுப்பும் இளஞ்சிவப்பு நிறப் பேருந்து இதே பணியைச் செய்கிறது. 'பிங்க் பஸ்' என்று மக்கள் அழைக்கும் அவ்வண்டி கிராமங்களுக்கே சென்று, பெண்களுக்கு மார்பகம், கருப்பைவாய், வாய் ஆகிய இடங்களில் புற்றுநோய் உள்ளதா என்று பரிசோதிக்கிறது. ஏழைகளின் சிகிச்சைக்காகத் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் பிராணதான அறக்கட்டளை உள்ளது. ஆந்திர அரசு 2007-இல் தொடங்கிய ஆரோக்கியஸ்ரீ திட்டமும் ஏழைக் குடும்பங்களின் மருத்துவச் செலவை ஏற்க வந்தது. இவ்வளவு இருந்தும், வண்டி ஊருக்குள் வந்து நிற்கும்போது வீட்டுக்குள்ளேயே இருந்துவிடும் பெண்கள் உண்டு. ஒருத்திக்கு நாணம், மற்றொருத்திக்கு அன்றைய கூலி போய்விடுமே என்ற கவலை, வேறொருத்திக்கு, 'ஏதாவது இருப்பதாகச் சொல்லிவிட்டால் என்ன செய்வது?' என்ற அச்சம். அவர்களைப் பொறுத்தவரை விளக்கும் வந்துவிட்டது, மருந்தும் வந்துவிட்டது. கைபிடித்து அழைத்துச் செல்ல ஒரு தோழி வரவில்லை. நிமித்த காரணம் குறைகிறது.

அப்படியானால், 'கைவிளக்கே எல்லோருக்கும் எட்டாத நாட்டில் பொன்துகளுக்கு ஏன் செலவிட வேண்டும்?' என்ற கேள்வி எழலாம். இது இரக்கத்திலிருந்து பிறக்கும் கேள்வி, அதனால் மதிக்கத்தக்கது. ஆனால் முழுமையானதன்று. 1954-இல் சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் புற்றுநோய் நிலையம் தொடங்கியபோது அதில் இருந்தவை 12 படுக்கைகளே. வேறு அவசரத் தேவைகள் எத்தனையோ இருந்த நாட்டில் அதுவும் அன்று சிலருக்கு மிகையாகத் தோன்றியிருக்கக்கூடும். இன்று அதன் பயனை அறியாத தமிழ்க் குடும்பங்கள் குறைவு. இன்றைய ஆராய்ச்சி நாளைய ஏழையின் மருந்து. அதை நிறுத்துவது, இன்னும் பிறக்காதவர்களின் பங்கைப் பறிப்பதாகும். கைவிளக்கை மறந்து பொன்துகளை மட்டும் வியப்பது, இப்போது கண்முன் இருப்பவரின் பங்கைப் பறிப்பதாகும். இவ்விரண்டு கடன்களில் ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தட்டிக்கழிக்க முடியாது.

அறிவு என்னும் கடன்

மனிதன் பிறக்கும்போதே கடன்காரனாகப் பிறக்கிறான் என்பது நம் முன்னோர் கருத்து. அக்கடன்களுள் ஒன்று ரிஷி கடன். அறிவைத் தேடித் தந்தவர்களுக்குப் பட்ட கடன் அது. கற்பதும், கற்றதைப் பிறருக்குத் தருவதுமே அதைத் தீர்க்கும் வழி.

ஒளிச் சிகிச்சையின் வரலாற்றைப் பார்த்தால் அக்கடனின் அளவு புரியும். தம் உடலையே சோதனைக்கு அளித்து, வெயிலில் வெந்த மருத்துவருக்கு அது கடன்பட்டது. பயன் கிடைக்குமா என்று தெரியாமலே ஆய்வுக்குச் சம்மதித்துக் கையொப்பமிட்ட பதினாறு பேருக்குக் கடன்பட்டது. சம்மதம் சொல்ல வாயில்லாத எண்ணற்ற எலிகளுக்கும் கடன்பட்டது. கார்போகரிசியை வெயிலோடு சேர்த்துப் பார்த்த, பெயர் தெரியாத வைத்தியனுக்கும் கடன்பட்டது. இத்தனை பேர் கொடுத்து உருவான அறிவு, அதை வாங்க வசதியுள்ளவருக்கு மட்டும் உரியதாக முடியாது. ஆராய்ச்சிக் கட்டுரையாக அச்சாகி அலமாரியில் இருப்பதோடும் அதன் கடமை முடிவதில்லை.

இக்கடனைத் தீர்ப்பதில் விஞ்ஞானிக்கும் மருத்துவருக்கும் மட்டுமே பங்கு என்று எண்ண வேண்டியதில்லை. துகளைச் செய்யத் தெரியாதவரும், லேசரைக் கையாளத் தெரியாதவரும் நிமித்த காரணம் ஆகலாம். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பரிசோதனை நாளை நினைவூட்டி உடன் செல்லலாம். அவள் திரும்பும்வரை அவளுடைய குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம். வாயில் ஆறாத புண் உள்ள கூலியாளிடம், 'இரண்டு வாரம் ஆகியும் ஆறவில்லையே, வா, காட்டிவிட்டு வருவோம்' என்று சொல்லி அழைத்துச் செல்லலாம். புகையிலையை விட முயல்பவரைக் கேலி செய்யாமல் துணை நிற்கலாம். அதிசய சிகிச்சை என்று வரும் செய்தியை, உண்மையா என்று விசாரிக்காமல் ஒரு நோயாளியின் வீட்டுக்கு எடுத்துச் செல்லாமல் இருக்கலாம். சிகிச்சை பலனளிக்காத வீட்டிலும் சென்று அமர்ந்து, வாடிய முகத்தின் அருகே சிறிது நேரம் பேசிக்கொண்டிருக்கலாம்.

இவற்றுள் எதற்கும் பொன் வேண்டியதில்லை. எங்கோ ஓரிடத்தில் மருந்து காத்திருக்கிறது. வேறோரிடத்தில் நோயாளி காத்திருக்கிறார். இடையே உள்ள தொலைவு சில சமயம் ஒரு தெருவின் நீளமே. அதை நடந்து கடக்க ஒருவர் புறப்பட்டால் போதும்.